கம்போட் நாட்குறிப்பு: மழையும் லண்டன் நேரமும்

2024 செப்டம்பர் 9, திங்கள்

இங்கே, கம்போடியாவின் கம்போட் ஊரில், மதியம் மூன்று மணி என்றால் லண்டனில் காலை ஒன்பது. லண்டன் நேரத்தில் நடக்கும் என் இணையவழி வேலை அப்போதுதான் தொடங்கும், இரவு பதினொன்று வரை ஓடும். கம்போட்டில் மழைக்கும் ஏறத்தாழ அதுதான் நேரம். காலையெல்லாம் வெயில் காயும். இரண்டு மணிக்கு மேல் பொக்கோர் மலைப் பக்கம் கறுக்கும். ஆயிரம் மீட்டருக்குச் சற்றே அதிகமான மலைதான். ஆனால் கடலை ஒட்டி நிற்பதால் தென்மேற்குக் காற்று சுமந்து வரும் ஈரம் அதில் முட்டி இங்கே கொட்டிவிடுகிறது.

இன்று நாலரைக்கு இடி, கூடவே கரண்ட் போனது. இப்படி ஒரு சின்ன ஊரில் இருந்து வேலை பார்க்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் எல்லாரும் இணைய வேகத்தைத்தான் கேட்கிறார்கள். வேகத்துக்குக் குறையில்லை, ஃபைபர் இருக்கிறது. கரண்ட் போனால் என்ன செய்வாய் என்றுதான் கேட்க வேண்டும். ரவுட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வாட் போதும். உள்ளங்கை அகல மினி யுபிஎஸ் ஒன்று அதைச் சில மணி நேரம் தாங்கிவிடும். இடி நெருங்கினால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்ட வேண்டும். அதற்கும் மேலே போனால் இருக்கவே இருக்கிறது போன் ஹாட்ஸ்பாட். இன்றைய மீட்டிங் நிற்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

கரண்டைவிடப் பெரிய எதிரி ஈரம். அலமாரியில் தொங்கிய தோல் பெல்ட்டின் மேல் சாம்பல் பூத்த பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் திருநீறு மாதிரி ஒட்டிக்கொண்டது. கேமரா லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அரை மணி நேரம் பார்த்தேன். நல்லவேளை, கண்ணாடிக்குள் இழை எதுவும் ஓடவில்லை. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் என்று இன்றே ஏற்பாடு செய்தாயிற்று. லேப்டாப்பைத் தினமும் இயக்குவதே நல்லது, அதன் சூடே ஈரத்தை விரட்டும். பத்திரம் என்று மூடி வைக்கும் பொருள்தான் இங்கே முதலில் கெடுகிறது.

செப்டம்பர் 16, திங்கள்

விசா வேலை. பலரும் கேட்பதால் எழுதி வைக்கிறேன். நீண்ட நாள் தங்க ‘இ’ வகை விசாதான் வாங்க வேண்டும். முதலில் 30 நாள், கட்டணம் 35 டாலர். அப்புறம் நாட்டுக்குள் இருந்தபடியே நீட்டிக்கலாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ நீட்டித்தால்தான் வெளியே போய்த் திரும்ப வர முடியும். ஒரு மாத, மூன்று மாத நீட்டிப்பில் வெளியேறினால் விசா அத்தோடு முடிந்தது. குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் குடிவரவுத் துறையின் செயலியில் நம் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். ஆகவே வாடகை பேசும்போதே இதையும் பேசிவிடுவது நல்லது. பன்னிரண்டு மாதத்தில் 182 நாளுக்கு மேல் தங்கினால் வரிக் கணக்கில் இந்த நாட்டுக் குடியிருப்பாளர் ஆகிவிடுவோம் என்பதையும் மறக்கக் கூடாது.

செப்டம்பர் 20, வெள்ளி

என் காலைப்பொழுது முழுக்க இந்த ஊருக்குத்தான். வேலை வேறொரு நாட்டு நேரத்தில் நடக்கிறது. காலையையும் அறைக்குள்ளேயே கழித்தால் இங்கே வந்ததற்கு அர்த்தமே இல்லை. ஆற்றங்கரையில் நடந்து பழைய பாலம் வரை போனேன். போர்க்காலத்தில் சேதமாகி, பிறகு ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு விதமாகக் கட்டப்பட்ட பாலம். ஒட்டுப்போட்டது அப்படியே தெரிகிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஊருக்கு வெளியே உப்பளங்களில் இப்போது மழைத்தண்ணீர்தான். கம்போடியாவுக்கு உப்பு தருவது கம்போட்டும் பக்கத்து கெப்பும்தான். ஜனவரி வாக்கில் வெயில் ஏறிய பிறகே வாருவார்கள்.

திரும்பி வந்தபோது வீட்டுக்கார அம்மா வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். பச்சும் பென் 18-ஆம் தேதியே தொடங்கிவிட்டதாம். முன்னோர்களுக்கான பதினைந்து நாள், அக்டோபர் 2 அமாவாசையோடு முடிகிறது. நாள்காட்டியைப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது. நம் மகாளய பட்சம், அதே பதினைந்து நாள்! அப்பாவுக்குத் திதி கொடுக்கத் தம்பி இருக்கிறான் என்று நினைத்து நான் சும்மா இருந்தேன். வீட்டுக்கார அம்மாவிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கடைசி நாள் தன்னோடு புத்த விகாரைக்கு வரச் சொன்னார்.

அக்டோபர் 2, புதன்

நேற்றிரவு பதினொன்றுக்கு வேலை முடிந்தது. நாலு மணிக்கெல்லாம் விகாரையில் இருந்தேன். பசியோடு அலையும் முன்னோர்களுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் விடியும் முன்பே படைத்துவிட வேண்டுமாம். எள் கலந்த ஒட்டரிசி உருண்டைகள் தட்டு நிறைய. வீட்டுக்கார அம்மா என் கையில் ஒன்றை வைத்தார்; இன்னும் வெதுவெதுப்பாக, விரலெல்லாம் ஒட்டியது. கூட்டத்தோடு சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் போட்டோம். அப்பா பெயரை வாய்விட்டே சொன்னேன். வீட்டுக்கார அம்மா தன் அண்ணன்மார் பெயர்களைச் சொன்னார். கெமெர் ரூஜ் ஆட்சியைப் பிடித்த 1975-க்குப் பிறகு திரும்பி வராதவர்கள். எங்கே இறந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

விடிந்ததும் வீட்டுத் திண்ணையில் எல்லோரோடும் காபி குடித்தோம். தம்பிக்கு போன் போட்டேன்; அவனும் அப்போதுதான் தர்ப்பணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

27-ஆம் தேதி லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். என் வேலை நாலு மணிக்குப் போய்விடும். கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் கெமெர் எழுத்து சொல்லித் தருவதாக வீட்டுக்கார அம்மாவின் பேத்தி ஒத்துக்கொண்டாள். நோட்டு வாங்கிவிட்டேன்.