லயத்து ஜெபக் கூட்டமும் லூத்தரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய தேவாலயத்தை விட்டு, கீழ் லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில்) கூடும் ஜெபக் கூட்டத்துக்குச் சிலர் போகத் தொடங்கியபோது, அதைத் துரோகம் என்றே நானும் நினைத்தேன். ஆனால் கிறிஸ்தவத்தின் பெரிய சீர்திருத்தங்கள் உள்ளேயிருந்தே எழுந்தவை. பாவத் தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட சீட்டுகளைக் கண்டித்து 1517இல் 95 கருத்துரைகளை எழுதிய ஜெர்மனியின் மார்ட்டின் லூத்தர், கத்தோலிக்கத் திருச்சபையின் அகுஸ்தீன் சபைத் துறவி. அந்த விற்பனைப் பணத்தில் ஒரு பகுதி உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்குப் போனது. 1739இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்த ஜோன் வெஸ்லியும் (நம் மெதடிஸ்தத் திருச்சபையின் வேர் அங்கேதான்) 1791இல் இறக்கும்வரை இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவாகவே இருந்தார்.

தன்னை அளக்கும் கோலைத் திருச்சபையே வேதநூலாகக் கையில் வைத்திருக்கிறது. லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் தந்ததுபோல அந்நூல் மக்கள் மொழிக்கு வந்துவிட்டால், தலைசாய்க்க இடமில்லாத இயேசுவையும் ஆலய நிருவாகத்தின் கணக்குப் புத்தகத்தையும் எவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோட்பாட்டுச் சண்டை பெரும்பாலும் அதற்குப் பிறகே வருகிறது.

ஏன் போனீர்கள் என்று கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். "அங்க என் பேரைச் சொல்லி ஜெபிக்கிறாங்க தம்பி" என்றார்.