ஷீட் என்பது பாய் அன்று

மிதமிஞ்சிக் குடித்துத் தள்ளாடுபவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ என்றொரு தொடர் உண்டு. ஷீட் என்றால் விரிப்பு என்றே படித்து வளர்ந்த நான், காற்றில் படபடக்கும் மூன்று பாய்களை நெடுங்காலம் கற்பனை செய்துகொண்டிருந்தேன். ஆனால் மாலுமிகளின் வழக்கில் ஷீட் என்பது பாய் அன்று. பாயின் கீழ்முனையில் கட்டி, அது காற்றைப் பிடிக்கும் கோணத்தை அடக்கி வைக்கும் கயிறு. அக்கயிறு அவிழ்ந்துவிட்டால் பாய் வெறுமனே அடித்துக்கொள்ளுமே தவிரக் கப்பலை இழுக்காது. மூன்று கயிறுகள் அவிழ்ந்த கப்பல் குடிகாரரைப் போலவே தடுமாறும்.

திடுக்கிட்டு நிற்பதைச் சொல்லும் ‘டேக்கன் அபேக்’ இதைவிட நுட்பமானது. சதுரப் பாய்களை விரித்துச் செல்லும் கப்பலில், காற்று சட்டென்று திசை மாறினாலோ சுக்கான் பிடிப்பவர் அசந்தாலோ, பாயின் முன்முகத்தில் காற்று அறைந்து அதைப் பாய்மரத்தோடு அழுத்திவிடும். முன்னேறிக்கொண்டிருந்த கப்பல் நின்றுபோகும், சில வேளை பின்னோக்கியும் தள்ளப்படும். பலத்த காற்றாயின் பாய்மரமே முறியலாம். இன்று நாம் அச்சொல்லை எவ்வளவு இலேசாகப் பயன்படுத்துகிறோம்!

‘பை அண்ட் லார்ஜ்’ என்பதில், காற்றை எதிர்த்து நெருங்கிச் செல்வது ‘பை’, பின்காற்றில் தாராளமாக ஓடுவது ‘லார்ஜ்’. இரண்டிலும் நன்றாக ஓடும் கப்பலைப் பாராட்டிய தொடர்தான் இன்று ‘மொத்தத்தில்’ என்ற பொருளில் வழங்குகிறது.

எவ்வளவு கசந்தாலும் கடைசி முடிவுவரை என்ற பொருளில் வழங்கும் ‘பிட்டர் எண்ட்’ பற்றி எனக்கு முழு நிறைவில்லை. நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டும் தளத்துக் கட்டைகளுக்கு ‘பிட்ஸ்’ என்று பெயர். கப்பலுக்குள் தங்கும் வடத்தின் பகுதியை ‘பிட்டர்ஸ் எண்ட்’ என்று கேப்டன் ஜான் ஸ்மித் 1627-இல் வெளியிட்ட கடல்தொழில் கையேடு குறிக்கிறது. வடம் அதுவரை ஓடிவிட்டால் மேற்கொண்டு விடக் கயிறு இல்லை. விளக்கம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நீதிமொழிகள் ஆகமத்தில், தமிழில் ‘எட்டியைப்போலக் கசப்பு’ என்று வரும் அந்த முடிவு, 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலேயே கசப்பைக் குறிக்கும் ‘பிட்டர்’ என்றுதான் இருக்கிறது. இரண்டும் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

பகட்டானது, உயர்தரமானது என்று பொருள்படும் ‘பாஷ்’ என்ற சொல்லின் கதையை மட்டும் நான் ஏற்பதில்லை. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் நிழலான அறைகள் பெற்ற செல்வந்தரின் பயணச்சீட்டில் பொறித்த, ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ (போகையில் இடம், திரும்புகையில் வலம்) என்ற தொடரின் முதலெழுத்துகளே அச்சொல் என்பார்கள். அப்படிப் பொறித்த சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.