எல்வி-426: நான்காவது தட்டு

ஒரு சினிமாத் துணைக்கோளின் தரையைத் தட்டில் குட்டி மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். நான்காவது தட்டில்தான் தரை தரையாக வந்திருக்கிறது. முந்தைய மூன்றும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. அதில் ஒன்று அசல் கேழ்வரகுக் களி.

செய்வது எல்வி-426. 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் வறண்ட துணைக்கோள். இந்தப் பெயரே அதற்கு 1986-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் கிடைத்தது. அளவு 1:72, அதாவது நிஜத்தைவிட 72 மடங்கு சிறிது. தெர்மாகோல், பிளாஸ்டர் எல்லாம் வழக்கம்போல்தான், விடுங்கள். என்னை ஒரு மாதம் படுத்தி எடுத்தது புழுதி.

1:72-இல் ஒரு மில்லிமீட்டர் மணல் என்றால் 7 சென்டிமீட்டர் கல். முதல் தட்டில் எம்-சாண்டை அப்படியே தூவி விண்வெளி வீரர் பொம்மையை நிறுத்தினேன். தண்டவாளத்து ஜல்லியில் ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். ரவை சல்லடை, மைதா சல்லடை, கடைசியில் பழைய வேட்டி. ஒரு கிலோ சலித்தால் ஒரு கைப்பிடி தேறும், ஆனால் திருநீறு போல இருக்கும். நிறத்துக்கு அடுப்புச் சாம்பலும் கொஞ்சம்.

அப்புறம் ஒட்டும் படலம். தண்ணீர் கலந்த பெவிகால், புழுதி மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டது. ஊறிய இடத்திலெல்லாம் குட்டிக் குழி. நம் நிலாவைச் செய்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன். இங்கே புயல் அடிக்கும் ஊராயிற்றே! பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரை முதலில் அடித்தால் போதும், பிறகு பசை தானே இறங்கிவிடும். ஸ்பிரேயைத் தட்டைப் பார்த்து அடிக்காதீர்கள், புழுதி பறந்துவிடும். ஓர் அடி மேலே, அண்ணாந்த வாக்கில் அடித்துப் பனி மாதிரி விழ விடவேண்டும். பசையை இங்க் ஃபில்லரில் ஓரத்திலிருந்து விடுங்கள். இதைக் கண்டுபிடிக்க மூன்று தட்டு.

நடுவில் இணையத்தில் 650 ரூபாய்க்கு ‘டெக்ஸ்சர் பேஸ்ட்’ (சொரசொரப்பான தரைக்கான பசை) வாங்கினேன். டப்பாவைத் திறந்தால் கல். திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

காயும் நேரத்தில் ஒரு கணக்கு. படத்தில் எல்வி-426-இன் விட்டம் 1200 கிலோமீட்டர், ஈர்ப்பு பூமியில் 0.86 பங்கு என்கிறார்கள். அப்படியானால் அடர்த்தி தண்ணீரைவிட 50 மடங்கு. உலோகங்களிலேயே அடர்த்தி மிகுந்த ஆஸ்மியமே 22.6 மடங்குதான். என் தட்டு நிஜமாகவே அந்த மண்ணாக இருந்தால் 180 கிலோ, மேசை உட்கார்ந்துவிடும்.

அடுத்தது தரையில் இறங்கி நிற்கும் விண்கப்பலின் கால்கள். படத்தில் அவற்றைப் பிரம்மாண்டமாகக் காட்ட இயக்குநர் ரிட்லி ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே சின்ன விண்வெளி உடை மாட்டி நடக்கவிட்டார். அதே வேலையை நானும் செய்யப் போகிறேன்: முன்னால் 1:72 பொம்மை ஆட்கள், பின்னால் அதில் பாதி உயரமுள்ள 1:144. ஆட்களுக்கு ஆர்டர் போட்டாயிற்று. தரை முடியவில்லையே என்று கேட்கக் கூடாது.

இடது மூலை காய்ந்துவிட்டதா என்று இப்போதுதான் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். ரேகையோடு பதிந்துவிட்டது. 1:72-இல் அது ஒரு மீட்டருக்கு மேல் அகலம்.