அலமாரிக்குப் பின்னால் மடங்கிய கம்பி

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது திருநெல்வேலியில் ஒரு தணிக்கையாளரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியோடு எங்கள் ஊர் கடையத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது மொட்டைமாடியில் மட்டும்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, செல்பேசியிலிருந்து இணையத்தை எடுத்து வேலை செய்தேன். ஜூனில் சாரல் பிடித்துக்கொண்டது. இனி மாடி உதவாது என்று, கேபிள் டிவி அண்ணாச்சியிடம் சொல்லி ஃபைபர் இணைப்பு வாங்கினோம்.

பத்தே நாளில் இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. அண்ணாச்சி கையடக்கக் கருவியைக் கம்பியின் முனையில் செருகிப் பார்த்தார். கம்பியில் வரும் வெளிச்சத்தின் பலம் மைனஸ் 29 டிபிஎம் என்று காட்டியது. மைனஸ் 27-க்கும் கீழே போனால் பெட்டி திணறும் என்றார். பிறகு கம்பி போன வழியைத் தடவிக்கொண்டே வந்து அலமாரியை நகர்த்தச் சொன்னார். சுவரோடு நசுங்கி, முழங்கை போல மடங்கிக் கிடந்தது கம்பி. உள்ளே இருப்பது முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. சுருக்கென மடங்கும் இடத்தில் வெளிச்சம் கசிந்துவிடும். நிமிர்த்தி, தட்டகலத்துக்கு வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினார். மைனஸ் 21. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே இருந்தேன்.

எங்களுடையது சுண்ணாம்புக் காரை வீடு. சுவர் முக்கால் முழம். பெட்டி இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைக்கு வரவில்லை, 2.4 வந்தது, ஆனால் மெதுவாக. பெட்டியிலிருந்து மேசைவரை லான் கம்பி இழுத்து மடிக்கணினியில் நேராகச் செருகிய பிறகுதான் கூட்டங்களில் என் குரல் அறுபடாமல் போனது. மின்வெட்டுக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தேன்.

இணைப்பு சரியானது, வேலை தெரிய வேண்டுமே. ஒரே கணக்கை 'இறுதி', 'இறுதி 2' என்று மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். உடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தன் திரையைப் பகிர்ந்து, கூகுள் ஷீட்ஸில் இருவர் ஒரே தாளில் எழுதுவதையும், பழைய வடிவத்தை மீட்பதையும் ஒரு மணி நேரம் பொறுமையாகக் காட்டினாள். சம்பளப் பட்டியலின் லிங்கை 'யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று வைத்திருந்ததையும் அவள்தான் கவனித்து மாற்றச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் சம்பளத்தில் சேர்ப்பதில்லை. அது இல்லாமல் நான் நின்றிருக்க முடியாது.

போன வாரம் எதிர்வீட்டு மதினிக்குப் புது இணைப்பு வந்தது. பெட்டியைப் பார்க்கக் கூப்பிட்டார். நான் முதலில் ஃபிரிட்ஜை நகர்த்தினேன்.