தெர்மோமீட்டருக்குத் தெரியாத சூடு

குளிர்கலத்தின் தெர்மோமீட்டர் 60 மில்லிகெல்வின் காட்டியது, தனிப்பூஜ்யத்தை ஒட்டிய குளிர். ஒரு வாரம் ராப்பகலாக எடுத்த அளவுகளில் நைட் பெயர்ச்சி (Knight shift: சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் காந்தத்தால் அணுக்கருவின் ஒத்ததிர்வு அதிர்வெண் நகரும் அளவு) நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. மின்தடையே இல்லாத மீக்கடத்து நிலை தொடங்கும் வெப்பநிலைக்கு மேலேயும் அதே இடம், கீழேயும் அதே இடம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மீக்கடத்தலில் எலக்ட்ரான்கள் எதிரெதிர் ஸ்பின்னோடு (ஸ்பின் என்பது எலக்ட்ரானின் குட்டிக் காந்தத் திசை) ஜோடி சேர்ந்தால், வெளிக் காந்தப்புலத்துக்கு அவை அசைந்து கொடுப்பது குறையும். ரேடியோ பல்ஸ் அடித்து அளக்கும் பக்கத்து அணுக்கருவின் ஒத்ததிர்வு நகர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். நகரவே இல்லையென்றால் ஒரே பக்கம் பார்க்கும் ஸ்பின்கள் ஜோடியாகியிருக்கலாம். அது மிக அபூர்வம்.

வரைபடத்தைப் பார்த்த சீனியர் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தெர்மோமீட்டர் சொல்றது இருக்கட்டும். பல்ஸ் அடிச்ச கையோட படிகம் என்ன சூட்டுல இருக்கு?"

ஸ்ட்ரான்சியம் ருத்தனேட்டின் கதை எனக்குத் தெரியாததல்ல. 1.5 கெல்வினில் மீக்கடத்தியாகும் படிகம். 1998-ல் ஜப்பானில் இஷிதா குழு அதில் ஆக்சிஜன்-17 அணுக்கருவை அளந்தபோது பெயர்ச்சி மாறவில்லை. இருபது ஆண்டுகள் அது ஒருதிசை ஜோடிக்கு முதன்மைச் சான்றாக நின்றது. 2019-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டூவர்ட் பிரவுன் குழு பல்ஸின் ஆற்றலைக் குறைத்து அளந்ததும் பெயர்ச்சி இறங்கியது. ரேடியோ பல்ஸே படிகத்தைக் கணநேரம் சூடாக்கி, மீக்கடத்தலைக் கலைத்திருந்தது. அடுத்த ஆண்டு இஷிதா குழுவே மறுபடி அளந்து அதை உறுதிசெய்தது. தங்கள் முடிவைத் தாங்களே திருத்திய அந்த நேர்மை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தெரிந்திருந்தும் என் படிகத்தில் அதைச் சோதிக்கவில்லை. காரணம் ஆசைதான். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, மயிரிழை போன்ற செம்புக் கம்பியை மிளகைவிடச் சின்னப் படிகத்தைச் சுற்றி நானே சுற்றிய காயில் (கம்பிச்சுருள்) அது. சிக்னல் ஏற்கெனவே முனகல். பல்ஸைக் குறைத்தால் இரைச்சலில் மூழ்கிவிடும் என்று பயந்தேன்.

அன்று ராத்திரி பல்ஸின் உயரத்தைப் பாதியாக்கி நேரத்தை இரட்டித்தேன். அணுக்கரு திரும்பும் கோணம் அதேதான், உள்ளே இறங்கும் ஆற்றல் மட்டும் பாதி. பிறகு கோணத்தையும் குறைத்தேன். ஆயிரக்கணக்கான முறை அடித்துக் கூட்டியபின், விடியற்காலையில் திரையில் ஒரு மேடு எழுந்தது. பழைய இடத்தில் இல்லை, கொஞ்சம் கீழே.

என் நேர்கோடு கலைந்தது. ஆனாலும் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன், அங்கேயேதான் நின்றது.

இப்போதெல்லாம் புதுப் படிகம் வந்தால் முதல் ராத்திரி இதற்கே போகிறது: ஒரே வெப்பநிலை, நான்கு அளவு பல்ஸ்.