குக்கிரி பிடிபட்ட ஜனவரி

ஜனவரி 9, வியாழன்

டோக்கியோவின் நிஷி கசாயிலிருந்து தோசாய் மெட்ரோ லைனில் ஏறினால் தரைக்கடியில் இறங்குவதற்கு முன் ரயில் ஆரகாவா ஆற்றுப் பாலத்தைக் கடக்கும். இன்று இடப்பக்கக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றேன், வேறு வழியில்லை, அவ்வளவு கூட்டம். பாலம் வந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் தனக்குத்தானே "குக்கிரி" என்றார். என்னவென்று பார்த்தால் ஃபூஜி மலை. 100 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிற மலை, பனி மூடிய தலையும் இரண்டு பக்கச் சரிவும் கத்தரித்து ஒட்டியது போல நிற்கிறது. குளிர்காலத்தில் இங்கே காற்று காய்ந்து கிடக்கும், அதிலும் காலையில் பார்த்தால்தான் உண்டு. கோடையில் இதே பாலத்தில் அந்தத் திசையில் வெறும் வெள்ளைப் புகைமூட்டம்தான்.

என் ஜப்பானிய மொழி நோட்டில் "குக்கிரி = தெளிவாக" என்று இருக்கிறது. அதற்கு மேல்வரியில் "ஹக்கிரி = தெளிவாக". ஆக இரண்டும் ஒன்று என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

நம்பிக்கை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மீட்டிங்கில் ஒருவர் வாய்க்குள்ளேயே பேசினார். நேற்றுக் கேட்ட வார்த்தை நாக்கில் தயாராக இருக்கவே, "கொஞ்சம் குக்கிரியாகச் சொல்லுங்கள்" என்று ஜப்பானிய மொழியில் கேட்டுவிட்டேன். இரண்டு நொடி அமைதி. அப்புறம் எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஹக்கிரி, ஹக்கிரி" என்று திருத்தினார். பேச்சுக்கு, முடிவுக்கு, மனிதனின் குணத்துக்கு எல்லாம் ஹக்கிரி சரிப்படும். குக்கிரி கண்ணுக்கு மட்டும்.

ஜனவரி 11, சனி

சனிக்கிழமை ஜப்பானிய மொழி வகுப்பில் சென்செய்யிடம், அதாவது ஆசிரியையிடம், நேற்றைய கதையைச் சொன்னேன். அறுபதைத் தாண்டிய அம்மா, எதையும் படம் போட்டுத்தான் விளக்குவார். பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து ஒரு மலை வரைந்தார். விரலால் அதை இழுத்துக் கலைத்து "பொன்யாரி" என்றார். மங்கல், கலங்கல். பிறகு அதே மலையைச் சுற்றி ஒரே ஒரு கோடு, கூர்மையாக. "இதோ, குக்கிரி." உள்ளே நிறம் கொஞ்சமும் கூடவில்லை, மலை பெரிதாகவும் ஆகவில்லை, விளிம்பு மட்டும் வந்தது. அவ்வளவுதான் வார்த்தை.

அப்புறம் உதாரணங்களாக அடுக்கினார்: கோடையில் கைக்கடிகாரத்தைக் கழற்றினால் தெரிகிற வெள்ளைப் பட்டை, ஈர மணலில் காலடி, கோப்பை விளிம்பில் லிப்ஸ்டிக் தடம். மருந்துக்கடையில் இமை மடிப்புக்கு விற்கிற மெல்லிய ஒட்டுநாடாவின் அட்டையில்கூட இந்த வார்த்தை இருக்குமாம். வரும் வழியில் போய்ப் பார்த்தேன், இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது வேறு. குக்கிரியை வினையோடு சேர்க்கும்போது "குக்கிரி தொ" என்று ஒரு "தொ" போடலாம், போடாமலும் விடலாம். அடுத்தவர் சொன்னதைச் சொல்லும்போது கடைசியில் வருகிற அதே "தொ". நாமும் "வந்தான் என்று சொன்னாள்" என்கிறோம், "பளிச்சென்று தெரிந்தது" என்றும் சொல்கிறோம், இரண்டிலும் அதே "என்று". மலை எதையோ சொன்ன மாதிரியும் நாம் அதைக் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்கிற மாதிரியும். சென்செய்யிடம் இதை விளக்க முயன்றேன், என் ஜப்பானிய மொழி பாதி வழியில் நின்றுவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

எரிக்கிற குப்பைக்கான பையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் போட்டுவிட்டேன். மாலையில் வந்தால் லிஃப்ட் பக்கத்தில் கிட்டத்தட்ட என் கை நீளத்துக்கு ஒரு காகிதம், சிவப்பு எழுத்தில், பாட்டில் படத்தின் மேல் பெருக்கல் குறி. பெயர் போடவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஆபீஸ் நண்பருக்குச் செய்தி அனுப்பும்போது "குக்கிரியாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள்" என்று எழுதினேன். உடனே பதில்: அது டெக்கடெக்க. (அங்கே ஒரு "க"தான், தமிழில் ஒற்றைக் க போட்டால் ஒலி குழைந்துவிடும் என்று நானாக ஒரு க் சேர்த்திருக்கிறேன்.) பெரிய எழுத்தில், கண்ணை உறுத்துகிற மாதிரி, தேவைக்கு மேல் என்ற ஒரு முணுமுணுப்போடு. பத்திரிகையில் ஒருவர் படத்தைக் கால் பக்கத்துக்குப் போட்டால் டெக்கடெக்க. ஃபூஜி எவ்வளவு பெரிய மலையானாலும், 3,776 மீட்டர், அதற்கு டெக்கடெக்க வராது. மலை விளம்பரம் செய்துகொள்வதில்லையே.

ஜனவரி 18, சனி

வகுப்பு இல்லை. "இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்து இசையா" என்ற தொல்காப்பிய வரி மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. சலசலவைப் பிரித்தால் சலவுக்குப் பொருள் இல்லை. டெக்கடெக்க அந்த விதியில் நிற்காது, ஏனென்றால் பேச்சு வழக்கில் பெரியது என்று பொருள்படுகிற ஒரு சொல்லின் அடிதான் அதில் இரண்டு முறை வருகிறது. குக்கிரி இரட்டிக்கவே இல்லை. ஹக்கிரி, சுக்கிரி, பொன்யாரி என்று நடுவில் ஒரு அழுத்தமோ மூக்கொலியோ, கடைசியில் "ரி", இது தனிக் குடும்பம்.

தமிழில் என்ன சொல்வது என்று மதியம் முழுக்க யோசித்தேன். பளிச்? அது வெளிச்சம், துவைத்த வெள்ளை வேட்டி. எடுப்பாக? அதில் அழகு வந்துவிடுகிறது, மணல் காலடிக்கு எதற்கு அழகு. துல்லியமாக என்றால் அளவெடுத்த வாடை. கடைசியில் "கோடு போட்ட மாதிரி" என்பதில் வந்து நின்றேன். ஒரு வார்த்தைக்கு மூன்று வார்த்தை, பரவாயில்லை.

ஜனவரி 25, சனி

மாலை ஃபுனபோரி கோபுரம். 103 மீட்டர் உயரத்தில் பார்வைத் தளம், காசு கிடையாது. சூரியன் இறங்கியபின் வானம் ஆரஞ்சு, அதில் ஃபூஜி கன்னங்கரேலென்று. பளிச் இங்கே ஒத்துவராது, குக்கிரி கச்சிதம். பக்கத்தில் இருந்த பாட்டியிடம் துணிந்து "குக்கிரி மியேமாசு நே" என்றேன், நன்றாகத் தெரிகிறதல்லவா என்று. "ஆமாம், குக்கிரி" என்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் திருத்தாமல் போன முதல் குக்கிரி.

போனில் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "எங்கடா மலை?" என்று பதில். பெரிதாக்கிப் பார்த்தால் ஆரஞ்சில் ஒரு கறை, சுத்தப் பொன்யாரி. அதன் மேல் சிவப்பில் டெக்கடெக்கவாக ஒரு வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன்.