ரிமோட் ஸ்டார்ட்: ஷோரூமிலா, வெளிக்கடையிலா?

குழந்தையை கார் சீட்டில் உட்கார வைக்கும்போது தடித்த குளிர்கோட்டோடு பெல்ட் மாட்டக் கூடாது. மோதல் நடந்தால் கோட்டுக்குள் இருக்கும் பஞ்சு அமுங்கிவிடும், இறுக்கமாகத் தெரிந்த பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். கோட்டைக் கழற்றலாம் என்றால் வண்டிக்குள் ஐஸ்பெட்டி மாதிரி குளிர், பிள்ளை வீறிட்டு அழும். வெயில் காலத்தில் வேறு பாடு. பெல்ட்டின் இரும்பு நாக்கு தொடையில் பட்டதுமே சின்னவன் துள்ளிக் குதிப்பான். வீட்டுக்குள் இருந்தபடியே பட்டனை அமுக்கி எஞ்சினை ஓடவிட்டு, ஏறுவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கவோ குளிரவைக்கவோ செய்யும் ரிமோட் ஸ்டார்ட் வேண்டும் என்று நான் வீட்டில் கொடி பிடித்தது இதற்காகத்தான், சொகுசுக்காக இல்லை. (சரி, கொஞ்சம் சொகுசுக்கும்தான்.)

வாங்குவது என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை வந்தது. வண்டி இன்னும் வாரண்டியில் இருக்கிறது, ஷோரூமிலேயே போட்டுவிடு என்றார் வீட்டுக்காரர். அதே சாமான் வெளியில் மலிவு என்றார் கொழுந்தனார். அந்த "அதே சாமான்" என்பதில்தான் எனக்குச் சந்தேகம் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்கினேன்.

விசாரித்ததில் தெரிந்தது இது. ஷோரூம் ரிமோட் ஸ்டார்ட் என்ற ஒரே பேரில் மூன்று விதமான சரக்கு நடமாடுகிறது. முதலாவது, தொழிற்சாலையிலேயே வண்டியோடு பிறந்தது. இரண்டாவது, கார் கம்பெனி தன் பார்ட் நம்பரோடு தனியாக விற்கும் ஆக்சசரி. ஷோரூம் மெக்கானிக் அதை மாட்டி, கம்பெனியின் கம்ப்யூட்டரை வைத்து வண்டிக்கு அறிமுகப்படுத்துவார். மூன்றாவது, வேறு ஏதோ கம்பெனியின் கிட். ஷோரூம் அதை வாங்கி, பல சமயம் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லி, பில்லை மட்டும் தன் பேரில் போடும். அந்த ஆள் கடை வைத்திருப்பது அடுத்த தெருவாகக்கூட இருக்கலாம்.

எங்கள் வண்டி ஏழு பேர் உட்காருவது, ஸ்டார்ட் பட்டன் இல்லாமல் சாவி திருகும் மாடல். பார்ட் நம்பர் சொல்லுங்கள் என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன். ஜெனுயின் என்றார். ஜெனுயின் என்றால் நம்பர் இருக்குமே என்றேன். உள்ளே போய்விட்டு வந்து, இந்த மாடலுக்குக் கம்பெனி ஆக்சசரி கிடையாது, ஆனால் எங்கள் ஆள் நன்றாகப் போட்டுத் தருவார் என்றார். அந்த ஆள் உங்கள் சம்பளத்தில் இருப்பவரா என்று கேட்டதற்கு பதில் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஆக, நான் வாங்கப் போவது மூன்றாவது விதம்.

என் தம்பி ஆட்டோ எலக்ட்ரீஷியன். போன் போட்டேன். "அக்கா, போர்டுல எந்தப் பேரு எழுதியிருக்குன்னு பாக்காத. எந்த மாட்யூல், யாரு கை, அது ரெண்டையும் கேளு" என்றான். அதற்குப் பிறகு அவன் நடத்திய வகுப்பில் என் மண்டையில் நின்றதைச் சொல்கிறேன்.

இப்போதைய காரில் சாவியைத் திருகினால் மட்டும் எஞ்சின் ஓடாது. சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதன் ரகசிய எண்ணை வண்டியில் இருக்கும் இம்மொபிலைசர் என்ற எலக்ட்ரானிக் பூட்டு ஒத்துக்கொண்டால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓடும். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஐரோப்பாவில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதுக் கார்களில் கட்டாயம். ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்ய வேண்டுமானால் சாவி உள்ளே இல்லாமலேயே இந்தக் காவல்காரனைச் சமாதானப்படுத்த வேண்டும். அதற்குத்தான் பைபாஸ் மாட்யூல் என்ற சின்ன எலக்ட்ரானிக் பெட்டி. பழைய முறையில் ஒரு மாற்றுச் சாவியையே டேஷ்போர்டுக்குள் சின்னப் பெட்டியில் ஒளித்து வைப்பார்கள். வேலை செய்யும், ஆனால் விஷயம் தெரிந்த திருடனுக்கு அது தாம்பூலம் வைத்து அழைப்பது மாதிரி. இப்போது வரும் மாட்யூல்கள் வண்டியின் டேட்டா வயரிலேயே பேசிக்கொள்கின்றன. சாவியைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. வண்டியின் மாடல், வருடம், எந்த வகைச் சாவி என்று பார்த்து அதற்கேற்ற சாஃப்ட்வேரை அதில் ஏற்ற வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் டேஷ்போர்டில் விளக்குகள் திருவிழா நடத்தும்.

அடுத்தது வயரிங். வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ்ஸை பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1986-ல். முறுக்கிய இரண்டு மெல்லிய வயர், அவ்வளவுதான். பிரேக், கதவு, கியர் எல்லாச் சமாச்சாரமும் அதில்தான் ஓடுகிறது. அதைப் போய் வயரின் தோலைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பால் இணைத்தால், குளிரிலும் அதிர்விலும் கடி தளரும். இன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், நாளைக்கு ஆகாது. நல்ல வழி டி-ஹார்னஸ், அதாவது இரண்டு பக்கமும் கனெக்டர் வைத்த இணைப்பு வயர். வண்டியின் சொந்தக் கனெக்டரைக் கழற்றி நடுவில் இதைச் செருகிவிடலாம், கம்பெனி வயர் எதையும் வெட்டுவதில்லை. அப்படி ஒன்று உங்கள் மாடலுக்குக் கிடைக்காவிட்டால் சாலிடர் செய்யச் சொல்லுங்கள். வண்டி தூங்கும்போது பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது வழக்கம். மாட்டி முடித்ததும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லு என்றான் தம்பி. அளக்க மாட்டேன் என்று சொல்லும் கடையில் எனக்கு வேலை இல்லை.

வாரண்டி பயம் பாதி உண்மை, பாதி பூச்சாண்டி. அமெரிக்காவில் 1975-லேயே வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தின்படி, வெளிச்சாமான் மாட்டினாய் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் கம்பெனி ரத்து செய்ய முடியாது. அந்தச் சாமானால்தான் பழுது வந்தது என்று அது காட்ட வேண்டும். மற்ற இடங்களில் அந்தந்த ஊர்ச் சட்டத்தையும் வாரண்டிப் புத்தகத்தையும் படித்துப் பார்ப்பதே வழி. ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காக ஸ்டார்ட் ஆகாத வண்டியை வைத்துக்கொண்டு, பள்ளிக்கு நேரமாகும் வேளையில் யாரோடு வாதாடுவது? கம்பெனியின் சொந்த ஆக்சசரி உங்கள் மாடலுக்கு உண்டு, வண்டியும் புதிது என்றால் கூடுதல் செலவைப் பார்க்காமல் அதையே போடுங்கள். எங்களுக்கு அது கிடைத்திருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

கிடைக்காததால், ஷோரூம் கூப்பிடும் அதே கடைக்கு நேராகப் போனேன். நடுவில் ஒரு கை குறைந்தது. அதைவிட முக்கியம், வேலை செய்பவரிடமே பேச முடிந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் தட்டைக் கழற்றி, மாட்யூலை எங்கே வைக்கப் போகிறார் என்று காட்டினார். சீட்டுக்கட்டுப் பெட்டி அளவுதான் இருக்கிறது அந்தக் கறுப்புச் சதுரம். பெடல் பக்கம் தொங்காமல், தாங்கு கம்பியோடு சேர்த்து டை போட்டுக் கட்டினார். வயர்கள் கிலுகிலுக்காமல் இருக்கத் துணி டேப் சுற்றினார். வயருக்குத் துணி டேப் சுற்றுகிற மனிதரை நம்பலாம் என்பது என் சொந்தக் கணக்கு.

பானெட் சுவிட்சை மட்டும் நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன். பானெட் திறந்திருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. ஒருவர் உள்ளே கைவிட்டு ஆயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் பிள்ளை ரிமோட்டை அமுக்கினால் என்ன ஆகும்? இதை மாட்டாமல் விட்டுவிடும் கடைகள் உண்டு. வண்டியை எடுத்து வருவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து வைத்து ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன். விளக்கு மட்டும் மினுக்கியது, எஞ்சின் அசையவில்லை. அதேபோல், ரிமோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் சாவி இல்லாமல் பிரேக்கை மிதித்தால் எஞ்சின் அணைய வேண்டும். அதையும் பாருங்கள்.

இன்னொன்று, சில வண்டிகளில் கதவைத் திறந்ததுமே எஞ்சின் நின்றுவிடும், மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கம்பெனி போட்டதிலும் இது உண்டு, வெளிச்சாமானிலும் உண்டு. உங்கள் மாடலில் எப்படி என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

போனிலிருந்து ஸ்டார்ட் செய்யும் ஆப் வேண்டுமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 2021 டிசம்பரில் டொயோட்டா விஷயத்தில் எழுந்த கூச்சல் நினைவிருக்கலாம்: சில மாடல்களில் சந்தா முடிந்தால் சாவியில் இருக்கும் ரிமோட் ஸ்டார்ட்டும் நின்றுபோகும் என்று தெரியவந்தது, அந்தச் சாவி இணையமே இல்லாமல் நேராக வண்டியோடு பேசுவதாக இருந்தும். 2022-ல் அமெரிக்காவில் 3ஜி நின்றபோது பல பழைய கார்களின் ஆப் வசதிகள் அப்படியே செத்துப்போயின. என்னுடையது சாதாரணம்: வண்டியோடு வந்த சாவியிலேயே லாக் பட்டனை மூன்று தடவை அமுக்கினால் ஸ்டார்ட். சுவர் தாண்டி ரொம்ப தூரம் எட்டாது. வாசல் வரை எட்டினால் எனக்குப் போதும். தூரத்தில் நிறுத்துகிறவர்கள், வண்டி ஸ்டார்ட் ஆனதைத் திரும்பச் சொல்லும் இருவழி ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ஓடும் நேரத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்தி வைக்கச் சொன்னேன். எஞ்சினுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை, ஓட்டினால்தான் சீக்கிரம் சூடாகும், இது பிள்ளைகளுக்காக. மூடிய கராஜில் மட்டும் ஒருபோதும் கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் அதைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் ஒன்றை முதலில் மாட்டிவிட்டு, பிறகு ரிமோட்டைப் பற்றி யோசியுங்கள்.

கியர் போட்டு ஓட்டும் வண்டிக்கும் போடலாமா என்று கொழுந்தனார் கேட்கிறார். ஷோரூம்கள் பெரும்பாலும் கைவைக்காது. சில வெளிக்கடைகள் போடும்: நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சின் ஓடும்போதே இறங்கிக் கதவை மூடினால்தான் மறுமுறை ரிமோட் வேலை செய்யும் என்ற ஏற்பாட்டோடு. இடையில் யாராவது கதவைத் திறந்தால் அது ரத்தாகிவிடும். ஏற்பாடு புத்திசாலித்தனமானதுதான். இருந்தாலும் பிள்ளைகள் ஏறி விளையாடும் வண்டியில் நான் போட மாட்டேன்.